யானைகள் ஜெயித்த மாதம்

எரிபெர்த்தோ ஃபிப்ஸ் வீடு எது என்று கேட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் முழிப்பார்கள். மாப்பிள்ளை வீடு எது என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். எழுபது வயதைத் தாண்டி, கல்யாணமே ஆகாத மனிதருக்கு அந்தப் பேர் வந்தது எங்கள் சான் பெத்ரோ ஊரின் பேஸ்பால் அணியால்தான்.

எங்கள் அணியின் சின்னம் யானை. பச்சை யானை. பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் காளை, தலைநகரத்துக்காரர்களுக்குப் புலியும் சிங்கமும். அந்த மிருகங்கள் எல்லாம் மாறி மாறிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும். எங்கள் யானைகள் ஒவ்வொரு அக்டோபரிலும் கம்பீரமாகக் கிளம்பி, ஜனவரிக்குள் எங்காவது படுத்துவிடும். என் அம்மா இளம்பெண்ணாக இருந்தபோது ஒருதரம் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு நான் பிறந்து, வளர்ந்து, இந்த மளிகைக் கடையை வைத்து, என் தலை நரைத்தும் ஜெயிக்கவில்லை.

அந்த ஒரு வெற்றிக்குச் சில வருஷம் கழித்து நடந்தது இது. என் அம்மா பக்கத்திலிருந்து பார்த்தாள். எரிபெர்த்தோ அப்போது ஐஸ் ஃபாக்டரியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கரும்பு வெட்ட இங்கிலீஷ் பேசும் சின்னத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் பேரன், நல்ல உயரம், நன்றாகச் சிரிப்பார். நெரெய்தா என்ற பெண்ணின் வீட்டுக்கு ஒவ்வொரு ஞாயிறும் போவார். காபி குடிப்பார், பேசுவார், தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நெரெய்தாவின் அப்பா சிரிலோ சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்ப்பவர். ஒரு ஞாயிறு, உறவெல்லாம் கூடியிருந்த நேரத்தில், ரம் போத்தலைத் திறந்துகொண்டே அவர் கேட்டார்:

"ஏம்ப்பா, ரெண்டு வருஷமா வந்து காபி குடிச்சிட்டுப் போற. காபிக்கொட்டை என்ன எங்க தோட்டத்துலயா காய்க்குது? தேதியச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். எரிபெர்த்தோவும் சிரித்தார். பிறகு எழுந்து நின்று, கையிலிருந்த கோப்பையைத் தூக்கிப் பிடித்தார்.

"சொல்றேன் மாமா. நம்ம யானைங்க அடுத்த தடவ எந்த மாசம் ஜெயிக்குதோ, அந்த மாசமே கல்யாணம். ஒரு நாள் தள்ளமாட்டேன்."

வீடே கைதட்டியது. அணி அப்போது நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. "அப்போ வர்ற ஜனவரின்னு வச்சுக்க!" என்று சிரிலோ மாமா அவரைக் கட்டிப்பிடித்தார். நெரெய்தா மட்டும் சமையலறை வாசலில் நின்றபடி கேட்டாளாம்:

"ஜெயிக்கலன்னா?"

"நம்ம ஊரு டீம் மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்றார் எரிபெர்த்தோ. அதற்கும் கைதட்டல்.

அந்த ஜனவரியில் ஜெயிக்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. நான்கு பருவம் பார்த்துவிட்டு நெரெய்தா நியூயார்க்கில் இருந்த அத்தையிடம் கிளம்பிப் போனாள். பஸ் நிற்கும் இடம்வரை எரிபெர்த்தோதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே அவள் ஒரு போர்ட்டோரிக்கோக்காரரைக் கட்டிக்கொண்டாள், பிள்ளைகள் பிறந்தன. இங்கே எரிபெர்த்தோ யாரையும் கட்டவில்லை.

ஊருக்கு அது போதும். யானைகள் தோற்றதால் காதலியை இழந்தவர், கொடுத்த வாக்குக்காக இன்னும் ஒண்டியாக இருப்பவர். அப்படித்தான் மாப்பிள்ளை ஆனார்.

கேலி என்றால் சாதாரணக் கேலி இல்லை. அக்டோபர் பிறந்தால் மீன் விற்கிற பெண்கள் அவர் ஐஸ் இறக்கும்போதே ஆரம்பிப்பார்கள். "மாப்பிள்ள, இந்த வருஷம் மீசைக்கு மை வாங்கிரலாமா?" டோமினோ ஆடுகிறவர்கள் மேஜையிலிருந்து கத்துவார்கள்: "மாப்பிள்ள, நாங்க செத்தப்புறம் கல்யாணம் வச்சா மொய் கிடைக்காது, பாத்துக்க!" பஸ் கண்டக்டர் சேப்பே அவரைக் கண்டால் வண்டியை நிறுத்தி, "மாப்பிள்ளைக்கு வழி விடுங்க, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்று பயணிகளை எல்லாம் ஒதுக்குவான். அவருக்கும் பதில் சொல்ல வரும். "கேக் ஆர்டர் பண்ணியாச்சு, அடுப்பு மட்டும் இன்னும் சூடாகல" என்பார். அப்படிப் பேசிக்கொண்டே பத்து பேரோடு சிரித்துவிட்டு, ரொட்டியும் சலாமி இறைச்சியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

வீடு என் கடைக்கு நேர் எதிரே. தகரக் கூரை, நீலக் கதவு. அவர் உள்ளே போனதும் ரேடியோ சத்தம் வரும். வேறு சத்தம் வராது. கிறிஸ்துமஸ் ராத்திரி நான் ஒரு தட்டில் பன்றி வறுவல் கொண்டுபோனால் கதவிலேயே வாங்கிக்கொள்வார். உள்ளே வாங்க என்று ஒருதரமும் சொன்னதில்லை. மைதானத்திலும் முதல் பேஸ் பக்கம், தூணை ஒட்டிய இடத்தில் தனியாகத்தான் உட்காருவார். அந்த இடத்தில் யாரும் உட்காரமாட்டார்கள், ஆட்டம் பாதி மறையும். "இங்கேருந்து தோக்கறது கொஞ்சமாத்தான் தெரியும்" என்பார்.

அந்த வருஷமும் வழக்கம்போலத்தான் தொடங்கியது. டிசம்பரில் யானைகள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு என்று போய், தோற்கவே மாட்டார்கள் போலிருந்தது. தெருவில் பச்சைக் கொடிகள் வந்தன. கடையில் நின்று ஆட்டத்தைப் பேசுகிறவர்கள் சாமானை வாங்க மறந்து போனார்கள். எல்லோரும் மாப்பிள்ளையைத் தேடினார்கள். அவரோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

அரையிறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தலைநகரத்து அணியை வீழ்த்தியபோது எங்கள் ஊர் இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது. கார்களின் ஹாரன் இகுவாமோ ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். கிழவிகள் சாய்ந்தாடும் நாற்காலியைத் தெருவில் போட்டு ஆடினார்கள். மறுநாள் காலையில் தையல்காரர் ஒனோரியோ அளவு நாடாவோடு மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நேரா நில்லுங்க. கோட்டு என் செலவு. நம்ம ஊரு மானம் இதுல இருக்கு."

"இன்னும் ஜெயிக்கலையே, ஒனோரியோ."

"ஜெயிச்சப்புறம் தச்சா மாசம் முடிஞ்சிரும். ஒரு நாள் தள்ளமாட்டேன்னு சொன்னது யாரு?"

தெருவே சிரித்தது. கைகளை விரித்துக்கொண்டு மாப்பிள்ளை நின்றார். சிலுவையில் அறைந்ததுபோல இருந்தது எனக்கு.

அந்த வாரமே உள்ளூர் ரேடியோவிலிருந்து ஒரு பையன் வந்தான். கைப்பேசியை நீட்டிப் படம்பிடித்தான். "காதலுக்காக ஒரு ஆயுள் முழுக்கக் காத்திருக்கும் மனிதர்" என்று பேசி இணையத்தில் போட்டுவிட்டான். அதைப் பார்த்து வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆம்பளையா!" என்றாள். மாப்பிள்ளை கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

இறுதிச் சுற்றில் எங்களுக்கும் காளைகளுக்கும் போட்டி. இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம், வெயிலில் தெரு காலியாக இருந்த நேரம், அவர் கடைக்கு வந்தார். எதுவும் கேட்கவில்லை. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் கடையில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"காபி போடட்டுமா அண்ணே?"

"வேண்டாம் மிரேயா." தெருவில் ஆள் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நாளைக்கு நம்மாளுங்க தோத்துட்டா நல்லாருக்கும்."

நான் பயந்துபோய் வாசலைப் பார்த்தேன். "ஊர்க்காரங்க காதுல விழுந்தா கொன்னுருவாங்க. என்ன பேச்சு இது?"

"இன்னிக்கு இல்ல, எப்பவுமே அப்படித்தான். ஒவ்வொரு ஜனவரியும் ஆட்டத்தப் பாத்துட்டு இருப்பேன். மனசு ஜெயிக்கணும்னு துடிக்கும். தோத்தா நெஜமாவே அழுதிருக்கேன், நீ பாத்திருக்க. ஆனா வீட்டுக்கு நடந்து வரும்போது தோள்லேருந்து எதையோ எறக்கி வச்ச மாதிரி இருக்கும்."

"எதுக்கு?"

"அன்னிக்கு சிரிலோ மாமா கேட்டாரு பாரு, தேதி சொல்லுன்னு. பயந்துட்டேன். நெரெய்தாவப் புடிக்கும். ரொம்பப் புடிக்கும். ஆனா ஒரு ரூம்ல இன்னொரு ஆளு, தினமும், சாகற வரைக்கும்... நெனச்சாலே மூச்சு முட்டுச்சு. வேண்டாம்னு சொல்லத் தைரியம் இல்ல. வாயில வந்தது யானைங்க. பழியத் தூக்கி அதுங்க முதுகுல வச்சேன். எல்லாரும் கைதட்டிட்டாங்க."

நான் தராசை ஒதுக்கிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"பஸ்ஸு கிளம்பி அந்த வளைவு திரும்புச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, தப்புப் பண்ணிட்டேன்னு. ஒரு ரூம் இல்ல, ஒரு பெட்டிக்குள்ளகூட அவளோட இருந்திருப்பேன். யார்கிட்டப் போய்ச் சொல்றது? அதுக்குள்ள ஊரு ஒரு கதை கட்டிருச்சு. அந்தக் கதையில நான் நல்லவனா இருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு ஜெயிச்சிட்டா, எல்லாரும் பொண்ணு எங்கன்னு கேப்பாங்க."

"சும்மா சிரிக்கறதுக்குத்தானே அண்ணே கேக்கறாங்க."

"அது எனக்குத் தெரியாதா" என்று எழுந்தார். ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆட்டம் காளைகளின் ஊரில். போக முடியாதவர்களுக்காகப் பூங்காவில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு முன்வரிசையில் நடுநாயகமாக ஒரு நாற்காலி. புதுக் கோட்டு, கழுத்தில் பச்சைத் துணி. கூட்டத்துக்கு நடுவே அவரைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள், சாமியைச் சுற்றி விடுவதுபோல. மத்தியான வெயில் திரையில் அடித்ததால் முதல் இன்னிங்ஸ்கள் சரியாகத் தெரியவில்லை. எங்களவர்கள் முதலில் பின்தங்கினார்கள். ஏழாவது இன்னிங்ஸில் ஒருவன் அடித்த பந்து வேலிக்கு வெளியே போய் விழுந்தது, நாங்கள் முன்னுக்கு வந்தோம். அதற்கப்புறம் யாரும் உட்காரவில்லை. மாப்பிள்ளை மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். காளைகளின் ஆள் ஓங்கி அடித்தான். பந்து உயர எழும்பி நடுமைதானத்துப் பக்கம் போனது. பூங்கா முழுக்க மூச்சு நின்றது. எங்கள் நடுமைதானத்து ஆள் இரண்டு எட்டு பின்னால் வைத்து, கையை உயர்த்தி, பிடித்தான்.

என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்றே தெரியாது. மீன்காரப் பெண் ஒருத்தி என் தோளைக் கடித்துவிட்டாள். "ஜெயிச்சிட்டோம்டி! எங்கப்பா இருந்திருக்கணும்டி!" என்று அலறினாள். எல்லா வீட்டிலும் இருந்து பார்த்திருக்க வேண்டியவர் ஒருவர் உண்டு. மாப்பிள்ளை எழுந்து நின்று அழுதார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அது சந்தோஷ அழுகைதான், சந்தேகமே இல்லை. அந்தக் கணம் அவருக்குக் கல்யாண நினைப்பு வந்திருக்காது. யானைகள் ஜெயித்துவிட்டன, அவ்வளவுதான்.

பிறகு ஊர்வலம் வந்தது. குழலும் தம்போரா மேளமும் முன்னால். பின்னால் மூன்று அடுக்குக் கேக்கை நான்கு பெண்கள் தூக்கி வந்தார்கள். அதற்கும் பின்னால் கண்டக்டர் சேப்பே, தலையில் கொசுவலையை மணப்பெண் முக்காடாகப் போட்டுக்கொண்டு, உதட்டுச் சாயத்தோடு, இடுப்பை ஆட்டியபடி.

"இத்தன வருஷமா எங்கய்யா போயிருந்தீரு? எனக்கு மீசையே மொளச்சிருச்சு!" என்றான் பெண் குரலில்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். சேப்பேயின் கையைப் பிடித்து ஒரு மெரெங்கே பாட்டு முழுக்க ஆடினார், அழகாக ஆடினார். அவர் ஆடி யாருமே பார்த்ததில்லை. கேக்கை வெட்டினார். எல்லாருக்கும் ஊட்டினார். எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

இருட்டத் தொடங்கியபோது நான் கடை திறக்க வந்தேன். அன்று ஒரு வாரத்துக்கான பீர் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எதிர் வீட்டுச் சந்தில், பின்பக்கப் படியில் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஊர் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் கையசைத்தேன். அவரும் அசைத்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அதற்குள் பீர் கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் காலை அவர் ரொட்டி வாங்க வந்து நிற்கும்போது இல்தா ஓடிவந்தாள். நெரெய்தாவின் தங்கை, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கைப்பேசியை நீட்டிக்கொண்டே வந்தாள்.

"இந்தாங்க, பேசுங்க. அக்கா."

அவர் வாங்கவில்லை. இல்தாவே ஸ்பீக்கரைப் போட்டுக் கல்லாப்பெட்டி மேல் வைத்தாள்.

"யாரு, மாப்பிள்ளையா?" கரகரத்த குரல். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம்.

"நெரெய்தா..." தொப்பியைக் கழற்றினார். "எப்படி இருக்க?"

"முட்டி வலி. வெளிய பனி கொட்டுது. பேரன் போன்ல காட்டினான் உன்னைய. கோட்டு யாரு தச்சது?"

"ஒனோரியோ."

"கை நீளம் ஜாஸ்தி. அவனுக்கு அப்பவே அளவு வராது."

இல்தா சிரித்தாள். எரிபெர்த்தோ சிரிக்கவில்லை. கடையில் நாங்கள் மூன்று பேர்தான். நான் உள்ளே போகிறேன் என்று சைகை காட்டினேன், வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நெரெய்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உங்கப்பா முன்னால நான் சொன்னது..."

"அது தெரியும்."

"என்ன தெரியும்?"

"உனக்கு மனசில்லன்னு. கட்டிக்க மாட்டேன்னு எந்த ஆம்பள நேராச் சொல்லியிருக்கான்? யானைம்பான், பூனைம்பான்."

"அப்புறம் ஏன் நாலு வருஷம் இருந்த?"

"அட, உனக்காகன்னா நெனச்ச?" சிரிப்பு இருமலாக மாறி நின்றது. "அத்த விசாவுக்குப் போட்டிருந்தாங்க. வர அவ்வளவு நாளாச்சு. அதுவரைக்கும் அப்பா வேற எவனையாவது புடிச்சுக் கட்டி வைக்காம இருக்கணுமே. நீ சொன்னது எனக்கும் வசதியாப் போச்சு. ஒவ்வொரு ஜனவரியும் டீம் ஜெயிச்சிருமோன்னு பயம். மாதா முன்னால மெழுகுவத்தி ஏத்தி வேண்டிக்குவேன், தோக்கணும்னு."

"அடிப்பாவி!" என்றாள் இல்தா. "ஊரே உன்னாலதான் இத்தன வருஷம் அழுதுச்சா?"

"சொல்லிராதடி, என்னை ஊருக்குள்ள விடமாட்டாங்க."

எரிபெர்த்தோ கல்லாவில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார். கேட்கவேண்டிய மன்னிப்பு வாய்வரை வந்திருந்தது, எனக்குத் தெரிந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"நல்லா இருந்தியா நெரெய்தா?"

"இருந்தேன். வீட்டுக்காரரு தங்கமான மனுசன். போயிட்டாரு. பிள்ளைங்க இருக்கு. நீ?"

"நானும் நல்லாத்தான் இருந்தேன்."

"எனக்காகத்தான் ஒண்டியா இருந்தன்னு ரேடியோல சொல்றாங்களே."

"ரேடியோக்காரன் ஆயிரம் சொல்லுவான்."

"அதானே. நான் நம்பல. சரி, வைக்கறேன். அடுப்புல அவரைப்பயறு கொதிக்குது. நம்ம டீம் ஜெயிச்சதுக்கு இங்க நானும் ஒரு பீர் குடிச்சேன், போ."

இல்தா போனபிறகும் அவர் நின்றுகொண்டே இருந்தார். "அவ நம்பல" என்றார் என்னிடம். அவ்வளவுதான் சொன்னார். ரொட்டியைக் கல்லாவிலேயே மறந்துவிட்டுப் போனார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவிலேயே வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. கேலி நின்றுபோனது. யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. யானைகள் ஜெயித்தாகிவிட்டது, கேக்கையும் வெட்டியாகிவிட்டது, இனிக் கேட்க என்ன இருக்கிறது? மீன்காரிகள் அவரைப் பார்த்தால் "எப்படி இருக்கீங்க ஐயா" என்றார்கள். சேப்பே வண்டியை நிறுத்துவதில்லை, கை மட்டும் காட்டுவான். டோமினோ மேஜையைக் கடக்கும்போது அவர் நடை கொஞ்சம் மெதுவாகும். ஆடுகிறவர்கள் காய்களிலிருந்து தலையைத் தூக்கமாட்டார்கள். பிறகு வழக்கமான வேகத்தில் வீட்டுக்குப் போவார். புதிதாகக் குடிவந்தவர்கள் அவரை மரியாதையாக சென்யோர் ஃபிப்ஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல்முறை அப்படிக் கேட்டபோது யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

அக்டோபர் வந்தது. புதுப் பருவத்தின் முதல் ஆட்டம். கடை வாசலில் இளைஞர்கள் நான்கைந்து பேர் மைதானத்துக்குக் கிளம்பி நின்றார்கள். மாப்பிள்ளை சாலையைக் கடந்து வந்தார். ரொட்டி கேட்டார். நான் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் பக்கம் திரும்பி, சத்தமாகச் சொன்னார்:

"இந்த வருஷமும் யானைங்க ஜெயிச்சா, நெஜமாவே கட்டிக்கறேன், பாத்துக்கங்க."

ஒருவன் மரியாதையாகச் சிரித்தான். இன்னொருவன், "கண்டிப்பா ஐயா" என்றான். பிறகு அவர்கள் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள், புதுசாக வந்திருக்கிற பந்து எறிபவனின் தோள் எப்படி இருக்கிறது என்று.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரொட்டியை நீட்டிக்கொண்டே நான் கேட்டேன்:

"பொண்ணு யாரு மாப்பிள்ள?"

சட்டென்று நிமிர்ந்தார். "பாக்கணும்" என்றார். "அவசரம் என்ன, ஜனவரி வரைக்கும் டயம் இருக்கே."

ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதானத்துப் பக்கம் நடந்தார். அன்று எங்களவர்கள் மோசமாகத் தோற்றார்கள்.